ரப்பர் இல்லாத வண்டி

அந்தப் பையை இப்படிக் கொடுங்கக்கா, என் காலுக்கடியில வச்சுக்கிறேன். நீங்க சன்னல் ஓரமா உக்காருங்க. எனக்கு சன்னல் வேண்டாம், காத்துப் பட்டா மடியில இருக்கிற இவன் தும்முவான். ஆனா ஒரு உதவி செய்யணும். பின்னாடி ஒரு பைக் வந்து ஆரன் அடிக்கும். மூணு தடவை, குட்டி குட்டியா. அப்ப சன்னல் வழியா ஒரு கையை மட்டும் ஆட்டிடுங்க. யாரு கைன்னெல்லாம் அவ பாக்க மாட்டா. கை ஆடினா போதும்.

அவ என் பெரிய மக, கனிஷ்கா. அவளும் அவ அப்பாவும் பைக்ல வர்றாங்க. நானும் இவனும் பஸ்ல. ஒரே குடும்பம் ஏன் ரெண்டு வண்டியில போகுதுன்னு கேக்குறீங்களா? அவளைப் பஸ்ல ஏத்தினா ரெண்டாவது வளைவுலயே குடலைப் பிடுங்கி வெளியே போட்டுருவா. போன தீபாவளிக்கு அப்படித்தான், முன் சீட்டுல ஒரு வாத்தியார் வெள்ளைச் சட்டை போட்டு உக்காந்திருந்தாரு. அதைச் சொல்ல வேண்டாம் விடுங்க. அதே பிள்ளை பைக்ல டேங்க் மேல உக்கார வச்சா எழுபது வளைவும் சிரிச்சுக்கிட்டே இறங்குவா. ஆரன் அவ பொறுப்பு. கீழ ஒரு வளைவுல பஸ் போறது தெரிஞ்சா அடிப்பா, நான் கையை ஆட்டணும். ஆட்டலைன்னா ஊருக்குப் போய்ச் சேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பேச மாட்டா.

நாளைக்கு இவனுக்குக் காதுகுத்து. என் அம்மா வீட்டுல, சேந்தமங்கலத்துக்குப் பக்கம். நான் கீழ்நாட்டுக்காரிதான், கட்டிக்கொடுத்தது மேல. கல்யாணமான புதுசுல இந்த மலையில இறங்குறப்ப கண்ணை மூடிக்குவேன். இப்ப பாருங்க, வாய் மூட மாட்டேங்குறேன்.

நீங்க எந்த ஊருங்கக்கா? நாமக்கல்லா? அப்ப வீட்டுக்காரர் லாரியாத்தான் இருக்கும். நெனச்சேன். ஓட்டுறதா, பாடி கட்டுறதா? இருபது வருஷமா ஓட்டுறாரா. அப்ப நான் சொல்றது உங்களுக்கு நல்லாவே புரியும். வேற பொம்பளைங்ககிட்ட வண்டிக் கதை சொன்னா கொட்டாவி விடுவாங்க.

எங்க வீட்டுக்காரருக்கு முதல் பொண்டாட்டி அந்த பைக்தாங்கக்கா. பெரிய வண்டி. என் அண்ணன் வெளிநாடு போறப்ப, தங்கச்சி வீட்டுல இருக்கட்டும்னு விட்டுட்டுப் போனான். ஆன்லைன்ல ஊர்சனம் வாங்குற சாமானையெல்லாம் கீழேயிருந்து எடுத்துக்கிட்டு மேல வீடு வீடாக் கொடுக்குறதுதான் இவரு வேலை. தினம் ஏறணும், தினம் இறங்கணும். மழையோ மஞ்சோ கணக்கில்லை. அதனால வண்டியை அப்படிப் பார்த்துக்குவாரு. பிள்ளைக்கு மூக்கு ஒழுகினா என்னைக் கூப்பிடுவாரு. வண்டியில எண்ணெய் ஒழுகினா அவரே ஓடுவாரு.

இதுல எனக்கு ஒரு குறை இருக்கு, கேளுங்க. கனிக்கு வெள்ளிக் கொலுசு வேணும்னு நான் ஒரு வருஷமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன். ஒரு நாள் கீழேயிருந்து வந்தவரு, "வெள்ளி போட்டாச்சு, வந்து பாரு"ன்னாரு. நானும் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஓடினேன். பார்த்தா வண்டிக்குப் போட்டிருக்காரு. கைப்பிடியிலேர்ந்து சக்கரத்துக்குப் பளபளன்னு ஒரு கயிறு இறங்குது. வெள்ளி அரைஞாண் எப்படிப் பின்னியிருப்பாங்க, அதே மாதிரிக் கம்பியைப் பின்னிப் பின்னி. முன் சக்கரத்துக்கு ஒண்ணு, பின் சக்கரத்துக்கு ஒண்ணு, கிளட்சுக்கு ஒண்ணு. எங்க வண்டிக்குக் கிளட்சும் ஒயர் கிடையாது, பிரேக் மாதிரியே எண்ணெய்லதான் ஓடும். கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்தது கறுப்பா ரப்பர் ஓஸ், அந்த எண்ணெய் போற குழாய். அதைப் பூராக் கழட்டி எறிஞ்சிட்டு ஸ்டீல் ஓஸ் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறாரு. பிள்ளை காலு மொட்டையா இருக்கு, வண்டி கொலுசு போட்டுக்கிட்டுத் திரியுதுன்னு நான் தெரு முழுக்கச் சொல்லிச் சிரிச்சேன்.

சும்மா சொல்லக்கூடாது, காரணம் இல்லாம அவரு செய்யலை. மழைக்காலத்துல ஒரு நாள் இறங்குறப்ப பிரேக்கைப் பிடிச்சா பஞ்சு மாதிரி அமுங்குதாம். பிடிக்குது, ஆனா கொஞ்சம் தாமதமாப் பிடிக்குது. வளைவுல அந்தக் கொஞ்சம் போதுமே. அன்னைக்கு வீட்டுக்கு வந்து சோறு திங்கலை. என்ன ஏதுன்னு கேட்டா, ஒண்ணுமில்லேன்னு கனியைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு. மறுநாளே அடிவாரத்துல மாதேஸ் அண்ணன் பட்டறைக்குப் போயிட்டாரு. மாதேஸ் அண்ணன்தான் எங்க வண்டிக்கு டாக்டர்.

அப்புறம் ஒரு தடவை ஓஸ் சரியா உக்காந்திருக்கான்னு பாக்க வரச் சொல்லியிருந்தாங்க, அன்னைக்கு நானும் பிள்ளைங்களோட கூடப் போனேன். மாதேஸ் அண்ணன் எனக்கே விளக்கிச் சொன்னாரு. பழைய ரப்பர் ஓஸைக் கையில எடுத்து வளைச்சுக் காட்டினாரு. மேல பூராப் பொடி வெடிப்பு. "இது பழசானா லொடக்குனு ஆயிடும். நீ பிடிக்கிற பிடியில பாதி இந்தக் குழாய் ஊதுறதுக்கே போயிடும், சக்கரத்துக்கு மீதிதான் போகும். மேல ஸ்டீலைப் பின்னிட்டா ஊத முடியாதில்ல, பிடிச்ச பிடி அப்படியே போய்ச் சேரும்"ன்னாரு. எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. நான் தையல்காரிக்கா. பாவாடை நாடா இழுத்தா இழுபடாம இருக்கணும், அவ்வளவுதானே விஷயம்.

அந்த அண்ணன் நல்லவர்தான். ஆனா எல்லா மெக்கானிக்குக்கும் ஒரு குணம் இருக்குங்க. நம்மளைப் பயமுறுத்தியே வச்சிருப்பாங்க. வண்டியோட கைப்பிடி மேல ரெண்டு பக்கமும் சின்ன டப்பா இருக்கும், பார்த்திருப்பீங்க. வலது பக்கம் பிரேக் எண்ணெய், இடது பக்கம் கிளட்ச் எண்ணெய். பக்கவாட்டுல வட்டமா ஒரு கண்ணாடி, எண்ணெய் எவ்வளவு இருக்குன்னு பாக்க. அதைத் தொட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான், என் கையைத் தள்ளிவிட்டுட்டாரு.

"இதை மட்டும் வீட்டுல தொறக்காதம்மா. இதுக்குன்னு ஒரு எண்ணெய் இருக்கு. அதைத் தவிர வேற எது ஒரு சொட்டு விழுந்தாலும் உள்ளே இருக்கிற ரப்பர் ஊதிக்கும். முதல்ல பிடிச்ச பிரேக் விடாது. அப்புறம் சூடேறி, எவ்வளவு பிடிச்சாலும் பிடிக்காது."

அப்படியே மந்திரவாதி மாதிரிச் சொன்னாரு. நானும் தலையாட்டிட்டு வந்தேன். என் தையல் மிஷின் வாங்கினப்பவும் கடைக்காரன் இப்படித்தான், எங்க கம்பெனி எண்ணெயைத் தவிர வேற ஊத்தினா மிஷின் நின்னுபோகும்னான். நான் எந்த எண்ணெய் கிடைச்சாலும் ஊத்துறேன். மிஷின் பாட்டுக்கு ஓடுது.

ஏய், முடியை விடுடா. அக்கா முடி அது. மன்னிச்சுக்கோங்க, இவனுக்கு யாரு சடையைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன். ஆங், எண்ணெய். போன வாரம் காதுகுத்துக்கு ஊருக்குப் போகணுமேன்னு வண்டியைக் கழுவினேன். அவரு முந்தாநாள் வரைக்கும் பைக்கையே எடுக்கலை, பலாப்பழம் ஏத்துற ஜீப்புல கூடமாட வேலைக்குப் போயிருந்தாரு. சோப்புப் போட்டு, அந்த ஸ்டீல் ஓஸைப் பழைய பல் பிரஷ்ஷால தேய்ச்சு, மஞ்சள் குங்குமம் வச்சா, கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்குது வண்டி. அப்பத்தான் அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். ரெண்டு டப்பாவிலயும் எண்ணெய் கீழே இறங்கியிருக்கு. அவரும் இதைப் பார்த்திருக்காரு. ஊருக்குப் போறப்ப மாதேஸ் அண்ணன்கிட்ட ஊத்திக்கலாம்னு நாலஞ்சு நாளாச் சொல்லிக்கிட்டிருக்காரு. ஆம்பளைங்க ஊத்திக்கலாம்னு சொன்னா எப்ப ஊத்துவாங்க சொல்லுங்க. பிள்ளையை உக்கார வச்சுக்கிட்டு எண்ணெய் இல்லாத வண்டியில இந்த மலை இறங்குறதா?

நான் கொஞ்சம் யோசிக்கத்தான் செஞ்சேன், யோசிக்காம இல்லை. மாதேஸ் அண்ணன் சொன்னது காதுல இருந்துச்சு. வேற எண்ணெய் ஊத்தினா ரப்பர் ஊதிக்கும்னாரு. சரி. ஆனா ரப்பர் எங்க இருக்கு? அதைத்தான் பூராக் கழட்டி எறிஞ்சாச்சே. முன்னாடி இருந்தது ரப்பர் ஓஸ், அதுக்கு அந்தப் பயம் நியாயம். இப்ப ஸ்டீல். ஸ்டீல் எங்கயாவது ஊதுமா? மாதேஸ் அண்ணன் பழைய பழக்கத்துல அதையே சொல்றாரு. நமக்குத்தான் கொஞ்சம் புத்தி வேணும்.

அதான் ஊத்தினேன். தையல் மிஷின் எண்ணெய். நல்ல எண்ணெய்க்கா, தண்ணி மாதிரித் தெளிவா இருக்கும், துணியில பட்டாக்கூடக் கறையாகாது. மிஷின் ஸ்குரூ டிரைவராலயே மூடியைக் கழட்டினேன். மூடிக்கு அடியில கறுப்பா ஒரு மெல்லிசு ரப்பர் இருந்துச்சு. அது குக்கர் மூடிக்குப் போடுற காஸ்கட் மாதிரி, மழைத்தண்ணி இறங்காம இருக்க. அதைத் துடைச்சுத் திருப்பி அப்படியே வச்சுட்டேன். வலது டப்பாவுக்கு ஊத்திட்டு இடதுக்கும் ஊத்தினேன். ஒரு கண்ணுக்கு மை வச்சுட்டு இன்னொண்ணை விட முடியுமா? கண்ணாடியில கழுத்து வரைக்கும் ஏறி நின்னுச்சு. பார்க்கவே மனசு நெறஞ்சுது.

அவர்கிட்ட இன்னும் சொல்லலை. அவரு வண்டியைத் தொட்டேன்னாலே வள்ளுன்னு விழுவாரு. நல்லபடியா ஊர் போய்ச் சேர்ந்தப்புறம், அம்மா வீட்டுல பத்துப் பேரு இருக்கிறப்ப, "உங்க வண்டிக்கு எண்ணெய் போட்டது யாரு தெரியுமா"ன்னு கேக்கணும்னு வச்சிருக்கேன். அவரு மூஞ்சியை அப்பப் பாக்கணும்.

எண்ணெய் போட்டதுக்குப் பலன் தெரியுதுக்கா, அதையும் சொல்லணும். முன்னெல்லாம் வண்டியை நானே தள்ளிக் கொட்டகைக்குள்ள விட்டுருவேன். நேத்து ரெண்டு பேரு தள்ள வேண்டியதாப் போச்சு. முன் சக்கரம் அவ்வளவு இறுக்கம். பிரேக் அப்படிப் பிடிக்குது. அவரு ஊருக்குள்ளேயே ஒரு சுத்துப் போயிட்டு வந்து சக்கரத்துப் பக்கம் குனிஞ்சு பார்த்துக்கிட்டே இருந்தாரு. இரும்புத் தட்டைத் தொட்டுட்டு விரலை உதறினாரு. ஏத்தத்துல வேற இன்ஜின் சத்தம்தான் பெருசா வருது, வண்டி இழுக்கலைன்னாரு. நான் சொன்னேன், மூட்டை மூட்டையா ஏத்தினா எப்படி இழுக்கும்னு.

இன்னைக்குக் காலையில கிளம்புறப்பதான் ஒரு கூத்து. முன் சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் வச்சோம். வண்டி அது மேல ஏறி நசுக்கிட்டுப் போகணுமில்ல. இது ஏறலை. சக்கரம் சரியாச் சுத்தாமப் பழத்தைத் தள்ளிக்கிட்டே போகுது. கனி கைதட்டிச் சிரிக்கிறா. பழத்துக்கு ஒண்ணும் ஆகலை, வாசல் தாண்டிச் சாக்கடை வரைக்கும் முழுசாப் போய் விழுந்துச்சு. எங்க மாமியாருக்கு முகமே சரியில்லை. அவரும் சாவியை எடுத்துட்டாரு.

"கௌசி, வண்டி என்னமோ பண்ணுது. பிடிச்சா விட மாட்டேங்குது. நானும் பாப்பாவும் பஸ்லயே வந்துடறோம். மாதேஸ் அண்ணனை மேல வரச் சொல்லிப் பாக்கச் சொல்லலாம்."

"அவ பஸ்ல வந்தா வழியெல்லாம் வாந்தி, நாளைக்குப் பிள்ளை வாடிப்போய் நிப்பா. பிரேக் பிடிக்கலைன்னா பயப்படலாம். நல்லாப் பிடிக்குதுன்னு யாராவது பயப்படுவாங்களா? ஸ்டீல் போட்ட வண்டிங்க. போற வழியிலதானே பட்டறை, காட்டிட்டு வாங்க."

நான்தான் சொன்னேன். இல்லைன்னா அவரும் இந்தப் பஸ்லதான் நின்னுக்கிட்டு வந்திருப்பாரு, கனி உங்க மடியில வாந்தி எடுத்திருப்பா. எனக்கு நீங்க நன்றி சொல்லணும். சிரிக்க மாட்டேங்குறீங்களே.

என்னக்கா? எந்த எண்ணெயா? அதான் சொன்னேனே, மிஷின் எண்ணெய். இருங்க, பாட்டில் பையிலயே இருக்கு. இதோ. கையோட எடுத்துக்கிட்டு வந்ததுக்கும் காரணம் இருக்கு. பின் பிரேக்குக்குத் தனியா ஒரு டப்பா இருக்காம், கால் பக்கம், மூடி மறைச்சு வச்சிருப்பானாம். எனக்குத் தெரியாது. நேத்து அவரு குனிஞ்சு பார்க்குறப்பதான் நானும் பார்த்தேன். அதுக்கு மட்டும் ஊத்தாம விட்டுட்டேன். பாவம், அது பழைய எண்ணெயிலேயே வருது. அம்மா வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா அதுக்கும் ஊத்திடணும்.

ஏங்க, முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு? தலை சுத்துதா? புளிப்பு முட்டாய் இருக்கு, தரட்டுமா? வளைவுல சில பேருக்கு இப்படித்தான். டிரைவர் அண்ணன் மெதுவாத்தான் ஓட்டுறாரு. பாருங்க, பிரேக்கே மிதிக்காம கியர்லயே இறக்குறாரு. எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான், இறக்கத்துல பாதி பிரேக் இன்ஜின்தான்னு சொல்லுவாரு. வண்டி இழுத்தா ஏத்தம், வண்டி பிடிச்சா இறக்கம், ரெண்டும் இன்ஜின் வேலைன்னு. நேத்துதான் அந்த இன்ஜின் சத்தம் மட்டும் போட்டுக்கிட்டு இழுக்கலை. நேத்து மூட்டை இருந்துச்சு. இன்னைக்கு மூட்டை இல்லையே, கனி மட்டுந்தானே.

போனா? போன் போட்டு என்ன சொல்ல? ஓட்டுறப்ப எடுக்க மாட்டாரு. அதோட இந்த நடுவுல டவரே கிடையாதுங்க, கீழ போய்த்தான் கிடைக்கும். வேணும்னா போட்டுப் பாக்குறேன். பாருங்க, ஒரு கோடுகூட இல்லை. நீங்க உங்க போன்ல... உங்களுக்கும் இல்லையா. சொன்னேன்ல.

லாரியில இப்படி ஆச்சா? உங்க வீட்டுக்காரருக்கா? இல்லை, கூட ஓட்டினவருக்கா. ஐயோ பாவம். எந்த மலையில? ஆனா அது லாரிங்கக்கா. அதுல ரப்பர் இருந்திருக்கும். இது ஸ்டீல் போட்டது. நான் கண்ணால பார்த்தேனே, ரப்பரை மாதேஸ் அண்ணன் பட்டறை மூலையில எறிஞ்சு வச்சிருந்தாரு.

உள்ளேயா? ஓஸுக்குள்ள இல்லை, கைப்பிடிக்குள்ள? சக்கரத்துக்கிட்டயும்? ஒவ்வொரு பிரேக்குக்குள்ளயும், கிளட்சுக்குள்ளயும் ரப்பர் வளையம் இருக்குமா?

சும்மா சொல்லாதீங்க.

இல்லக்கா, அப்படி இருந்தா அவரு எனக்குச் சொல்லியிருப்பாரே. மாதேஸ் அண்ணன் சொன்னாருதான், உள்ளே இருக்கிற ரப்பர்னு சொன்னாரு. நான் ஓஸைச் சொல்றாருன்னு... சரி, இருக்கட்டும். ரெண்டு டப்பாவுக்கும் சேர்த்து ரெண்டு மூடிதான் ஊத்தினேன். ரெண்டு மூடி எண்ணெய் ஒரு வண்டியை என்ன பண்ணிடும்? நீங்க லாரியிலயே பழகினவங்க, எல்லாத்தையும் பெருசாப் பாக்குறீங்க.

மஞ்சு வேற இறங்கிடுச்சு. பின்னாடி ஒண்ணுமே தெரியலை. இந்நேரம் ரெண்டு தடவையாவது ஆரன் கேட்டிருக்கணும். வழியில நிறுத்திக் குரங்குக்கு வாழைப்பழம் கொடுத்துக்கிட்டிருப்பாங்க. அவளுக்குக் குரங்கைப் பார்த்தா காலு நகராது. ஒருவேளை அவரே சக்கரம் சூடேறுதுன்னு ஓரமா நிறுத்திட்டாரோ என்னவோ. நிறுத்தியிருப்பாரு. அவரு புத்திசாலி.

எதுக்கு எழுந்திரிக்கிறீங்க? உங்க ஊரு இன்னும் வரலையே. கண்டக்டரை எதுக்குக் கூப்பிடுறீங்க, கொண்டையூசி வளைவுல எப்படிக்கா பஸ்ஸை நிறுத்துவாங்க? உக்காருங்க. எல்லாரும் நம்மளையே பாக்குறாங்க. கருகுற வாசமா? அது இந்தப் பஸ்ஸோட பிரேக்கா இருக்கும், எப்பவும் அடிக்கிறதுதான். டிரைவர் அண்ணன் பிரேக்கே மிதிக்கலைன்னு நானே சொன்னேன், இல்ல? அப்ப வேற ஏதாவது...

இருங்க. பேசாதீங்க. கேக்குதா?

கேட்டுருச்சு. அவதான். நான் சொல்லலை? டேய் தம்பி, கேளுடா, உங்க அக்கா வர்றா. மேல் வளைவுலதான் இருக்காங்க. கையை ஆட்டுங்கக்கா, கையை வெளிய நீட்டி ஆட்டுங்க, சன்னலை நல்லாத் தொறங்க.

மூணு தடவைதான் அடிக்கணும். சின்னதா மூணு, அதுக்கு மேல அடிச்சா ஊர்ல திட்டுவாங்கன்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இது ஒரே அடியா நீளமா வருது. கிட்ட வந்துடுச்சு. டிரைவர் அண்ணனுக்கும் கேட்டுடுச்சு போல, பஸ்ஸை ஓரமா ஒதுக்குறாரு, பாருங்க. என் கையை எதுக்குக்கா இப்படிப் பிடிக்கிறீங்க, வலிக்குது. இவன் வேற அழறான்.

கனிக்கு என்ன ஆச்சுன்னு தெரியலை. என்னைக்கும் இப்படி அடிக்க மாட்டா. கை வலிக்காதா அவளுக்கு?

இன்னும் விடலை. பிடிச்ச பிடியை விடவே மாட்டேங்குறா.